தகர டப்பாவில் பதினெட்டு நிமிஷம்

1

லண்டனில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், சேர்ந்த அரை மணி நேரத்துக்குள், அங்கே இருந்ததிலேயே உசத்தியான மைக்கை வாயால் ஊதிக் கொன்றவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் நான் எதையாவது பெருமையாகச் சொல்ல வாய் திறந்தால், ‘ஊதினவன்தானே இவன்’ என்று நீங்கள் தள்ளிவிட்டுப் போகலாம்.

செஞ்சியில் என் மச்சான் லூர்துவின் மைக் செட்டில் எட்டு வருஷம் வேலை பார்த்தவன். எங்கள் பக்கத்தில் மைக்கை ஊதிக் காட்டாவிட்டால் அது வேலை செய்கிறது என்று ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். ‘ஃபூ, ஃபூ, ஹலோ, மைக் டெஸ்டிங், ஒண்ணு, ரெண்டு, மூணு.’ கல்யாணத்துக்கு இரண்டு ஊது, கட்சிக் கூட்டத்துக்கு மூன்று ஊது. எங்கள் பங்குச் சாமியார்கூட மைக்கை ஒரு தடவை ஊதிவிட்டுத்தான் சிலுவை போட்டுக்கொள்வார். ஆகவே இங்கே டெரிக் என்கிற ஒலிப்பதிவாளர், ‘அந்த மைக்கைக் கொஞ்சம் சோதித்துப் பார்’ என்று சொன்னதும், நான் பக்தியோடு கிட்டே போய், மூச்சை நன்றாக இழுத்து, கட்சிக் கூட்டத்துக்கு ஊதுகிற மாதிரி ஊதினேன்.

பதிவறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டெரிக் காதில் மாட்டியிருந்த ஹெட்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓடி வந்தான்.

“என்ன செய்தாய்?”

“சோதித்தேன், சார்.”

“வாயாலா?”

“எங்கள் ஊரில் வேறு எதாலும் ஊத மாட்டோம், சார்.”

அந்த மைக்கின் வயிற்றுக்குள் அலுமினியத்தில் ஒரு நாடா இருக்கிறது. சிகரெட் பெட்டிக்குள் வருகிற வெள்ளித்தாளைவிட மெல்லிசு. பாடுகிறவர் தள்ளி நின்று பாட, குரல் வந்து தொட்டதும் அது சிலிர்க்கும். அந்தச் சிலிர்ப்புதான் சத்தமாக மாறும். அதற்கு என் ஊது புயல். அறுந்து நூலாகத் தொங்கியது.

டெரிக்குக்கு அப்போது இருபத்திரண்டு வயசு. எனக்கு முப்பத்திரண்டு. நான் அழுதுவிடுவேன் என்று பயந்தானோ என்னவோ, முதலாளியிடம், ‘பழைய நாடா, தானாகவே போய்விட்டது’ என்று சொல்லிவிட்டான். அறுந்த நாடாவை மட்டும் ஒரு கவரில் போட்டு வைத்துக்கொண்டான். வருஷா வருஷம் அதே தேதியில் டீ நேரத்தில் கவரைத் திறந்து, நாடாவை ஒரு சாஸரில் கிடத்தி, என்னையும் கூப்பிட்டு நிற்கவைத்து ஒரு நிமிஷம் மௌனம் அனுசரிப்பான். இந்தச் செவ்வாய்க்கிழமை நான்காவது நினைவு நாள்.

மௌனம் முடிந்ததும் சாஸரை எடுத்துக்கொண்டே கேட்டான்: “உன் மனைவியிடமிருந்து பதில் வந்ததா?”

“இன்னும் இல்லை.”

அவள் வருகிறாளா இல்லையா என்கிற பதில். ஐந்து வருஷமாக நான் எதிர்பார்க்கிற பதில். அது வருவதற்குள் நான் செய்த இன்னொரு முட்டாள்தனத்தைத்தான் எழுத உட்கார்ந்தேன். மைக்கை ஊதியது அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

2

வந்த முதல் வருஷம் பஸ் டிப்போவில் பஸ் கழுவினேன். ஊருக்கு எழுதும்போது ‘போக்குவரத்துத் துறை’ என்று எழுதினேன்; வேலை மாறிய பிறகுதான் பஸ் கழுவியதைச் சொன்னேன். பிறகு பேப்பரில் ஒரு விளம்பரம் பார்த்தேன்: ஒலிப்பதிவுக் கூடத்துக்கு உதவியாளர் தேவை, கருவிகளோடு பழக்கம் இருந்தால் நல்லது. போனேன். முதலாளி என்ன அனுபவம் என்று கேட்டார்.

“வெளிப்புற ஒலி அமைப்பு. எட்டு வருஷம். பத்தாயிரம் பேர் கூடும் இடங்களில்.”

பொய்யில்லை. அந்தப் பத்தாயிரம் பேரும் மேல்மலையனூருக்குச் சாமி கும்பிட வந்தார்களே தவிர எங்கள் ஸ்பீக்கர் குழாயைக் கேட்க வரவில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை.

“நல்ல ஒலி என்று எதை வைத்து முடிவு செய்வீர்கள்?”

யோசிக்கவே இல்லை நான். “செஞ்சியில் போட்டால் அனந்தபுரத்தில் கேட்க வேண்டும், சார்.”

“அது எத்தனை தூரம்?”

“ஏழெட்டு மைல் இருக்கும், சார்.”

லூர்து மச்சானின் கணக்கு அதுதான். குழாயைப் பனைமரத்தில் கட்டிவிட்டு, மறுநாள் சந்தைக்கு வருகிறவர்களிடம் கேட்பார்: “இன்னா, நேத்து நம்ம செட்டு கேட்டுச்சா?” கேட்டதென்றால் அன்றைக்கு எனக்கு டீயோடு பன்னும் உண்டு. முதலாளி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலை கொடுத்தார். நான் வேடிக்கைக்காரன் என்று நினைத்துவிட்டார். பிற்பாடு அப்படியே ஆகிவிட்டேன்.

வேலை கொடுத்த இடத்தில் பேரும் கொடுத்தார்கள். என் பெயர் சூசை. படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. நமக்கு ஏது அது? என்னைப் பெற்ற நைனாவின் பெயரை எழுதினேன். அன்றிலிருந்து இந்தக் கூடத்தில் நான் ஆரோக்கியம். “ஆரோக்கியம், டீ கொண்டு வா.” “ஆரோக்கியம், குப்பையைக் கொட்டு.” ஊரில் நைனா பெயரை அவர் எதிரில் யாரும் உச்சரிக்கவே மாட்டோம். எட்டு ஏக்கர் உழுது, என்னைப் புளியம் விளாரால் அடித்து வளர்த்த மனுஷன். இங்கே அவரைத்தான் தினம் டீ போடவைத்துக்கொண்டிருந்தார்கள். முதல் மாசம் கூப்பிடும்போதெல்லாம் திரும்பிப் பார்ப்பேன், அவர் நிற்கிறாரா என்று.

3

மைக்கைக் கொன்றதற்குத் தண்டனையாக ஆறு மாசம் மைக் பக்கமே போகக் கூடாது என்று டெரிக் சொல்லிவிட்டான். ஏழாவது மாசம் போனேன். அப்புறம் ஒரேயடியாக வெட்டும் அறைக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்குக் காரணம் என் தலை.

ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடுகிற அறைக்கும் பதிவு செய்கிற அறைக்கும் நடுவில் தடித்த கண்ணாடி. சத்தம் போகாது, சைகைதான் போகும். ஒரு நாள் ஒரு பாட்டுக்கார அம்மாள் மைக்கின் எதிரில் நிற்கிறாள், பின்னால் பதினெட்டு வயலின்காரர்கள். நான் அம்மாளுக்குப் பக்கத்தில். கண்ணாடி வழியாக டெரிக் கட்டைவிரலை உயர்த்தி, ‘தயாரா?’ என்கிறான். நான் நம் ஊர் வழக்கப்படி ‘ஆச்சு, போடு’ என்று தலையை இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்கும் ஆட்டினேன். அவன் அதை ‘இல்லை’ என்று எடுத்துக்கொண்டு டேப்பை நிறுத்தினான். திரும்பவும் கட்டைவிரல். நான் இன்னும் நன்றாகப் புரியட்டும் என்று இன்னும் பலமாக ஆட்டினேன். மூன்றாவது தடவை அவன் கதவைத் திறந்துகொண்டு வந்து, “என்னதான் கோளாறு?” என்றான். “ஒரு கோளாறும் இல்லை, சார்” என்று சொல்லிக்கொண்டே தலையை ஆட்டினேன்.

வயலின்காரர்கள் வில்லைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். பாட்டுக்கார அம்மாள் சிரிக்கவில்லை.

வெட்டும் அறை என்பது ஜன்னல் இல்லாத ஒரு பொந்து. ஒரு டேப் மெஷின், ஒரு சவரப் பிளேடு, டேப்பைப் பிடித்துக்கொள்ளப் பள்ளம் தோண்டிய ஒரு சின்ன அலுமினியக் கட்டை, மெழுகுப் பென்சில், ஒட்டுகிற டேப். அங்கே தலையை எப்படி ஆட்டினாலும் கேட்பாரில்லை. விளம்பரம் பேசுகிறவர்கள் சோப்பு, பிஸ்கட், கொசு மருந்து என்று பேசிவிட்டுப் போவார்கள். பேசும்போது நடுவில் மூச்சு வாங்குவார்கள், எச்சில் விழுங்குவார்கள், நாக்குக் குழறும். அதையெல்லாம் கண்டுபிடித்து வெட்டி எடுக்க வேண்டியது என் வேலை. டேப் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெதுவாக உருட்டினால் குரல் ஏதோ மிருகம் உறுமுகிற மாதிரி கேட்கும். மூச்சு எங்கே தொடங்குகிறதோ அங்கே ஒரு கோடு, எங்கே முடிகிறதோ அங்கே ஒரு கோடு. சாய்வாக இரண்டு வெட்டு. ஒட்டு. அந்த மனுஷர் மூச்சே விடாமல் பிஸ்கட்டைப் புகழ்ந்துகொண்டு போவார்.

எனக்கு அந்த வேலை பிடித்துப்போயிற்று. சும்மா சொல்லக் கூடாது, கெட்டிக்காரனாகவும் ஆகிவிட்டேன். இரண்டு வருஷத்தில், பேசினவரே வந்து கேட்டாலும் எங்கே வெட்டியிருக்கிறது என்று சொல்ல முடியாது. வெட்டி எடுத்த துண்டுகளை ஒரு தகர டப்பாவில் போட்டுவைப்பேன். வேலையை ஏற்றுக்கொண்டோம் என்று விளம்பரக்காரர் சொல்லும்வரை துண்டுகளை எறியக் கூடாது என்பது கூடத்தின் சட்டம். வெள்ளிக்கிழமை டெரிக் வந்து, சரி என்று பதில் வந்துவிட்ட டப்பாக்களைக் குப்பையில் கவிழ்ப்பான்.

மைக் செட்டில் இருந்தவரைக்கும் சத்தத்தைக் கூட்டுவதுதான் தொழில் என்று நினைத்திருந்தேன். இங்கே வந்துதான் குறைப்பதற்கும் சம்பளம் தருவார்கள் என்று தெரிந்தது.

4

வாரத்தில் ஆறு நாள் மற்றவர்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஒருத்தர் பேச்சும் கேட்காமல் இருப்பது ஒரு விசித்திரமான காரியம். நான் இருக்கிற வீட்டில் மாடியில் ஒரு அறை. கீழே இருக்கிற வீட்டுக்கார அம்மாள் ‘குளிராக இருக்கிறது, இல்லையா?’ என்பாள். நான் ‘ஆமாம்’ என்பேன். அன்றைக்கு என் பேச்சு முடிந்தது.

ஆரம்பத்தில் கோவில் இருந்தது. செஞ்சியில் பூசை லத்தீனில் நடக்கும், இங்கேயும் லத்தீனில் நடந்தது. முழங்கால் போட்டதும் அதே வார்த்தை, அதே ராகம். அங்கே பிலோமினா முக்காடு போட்டுக்கொண்டு எதைக் கேட்கிறாளோ அதையேதான் நானும் கேட்கிறேன். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு வார்த்தையும் புரியாது என்பது வேறு விஷயம். புரியாத மொழியில்தான் புருஷன் பெண்சாதி ஒன்றாக இருந்தோம். பிறகு ஒரு நாள் மக்களுக்குப் புரிய வேண்டும் என்று எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்கள். அங்கே தமிழ் வந்தது. இங்கே இங்கிலீஷ். இப்போது எனக்குப் பாதி புரிகிறது. சாமியார் ‘சமாதானமாகப் போங்கள்’ என்கிறபோது, எங்கே போக என்று தோன்றுகிறது.

பிலோமினா என் மனைவி, லூர்து மச்சானின் தங்கை, செஞ்சியில் பள்ளிக்கூட டீச்சர். நான் கப்பலேறியபோது எங்கள் மகள் ரோசிக்கு எட்டு மாசம். இப்போது ஆறு வயசாகப் போகிறது. பிலோமி எட்டு மாசத்துக்கு முன் எழுதிய கடிதத்தில் நடுவில் ஒரு வரி: ‘ரோசி லூர்து அண்ணனை நைனா என்று கூப்பிடுகிறாள். திருத்திப் பார்த்தேன். கேட்கவில்லை.’ அதற்கு மேலும் கீழும் மழை, ரேஷன் அரிசி, பள்ளிக்கூட இன்ஸ்பெக்ஷன். அந்த வரியை மட்டும் மெழுகுப் பென்சிலால் இரண்டு பக்கமும் கோடு போட்டு வெட்டி எடுத்துவிட முடியுமா என்று பார்த்தேன். காகிதத்தில் ஒட்டுப்போட்டால் தெரிந்துவிடும்.

5

ஆகவே அவர்களை வரவழைப்பது என்று குடிவரவு அலுவலகத்துக்குப் போனேன். எதிரில் உட்கார்ந்திருந்த அதிகாரி நல்ல மனுஷர். எல்லாவற்றையும் மூன்று தடவை மட்டும்தான் கேட்டார்.

“திருமணத்துக்கு அத்தாட்சி?”

கோவில் சான்றிதழைக் கொடுத்தேன். கொஞ்சம் லத்தீன், கொஞ்சம் தமிழ். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “புகைப்படம் இருக்கிறதா?” என்றார்.

அதைத்தான் கேட்டுவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டு போயிருந்தேன். எங்கள் கல்யாணத்துக்கும் மைக் செட் எங்களுடையதுதான். மண்டகப்பட்டு வரை கேட்க வேண்டும் என்று மச்சான் ஆசைப்பட்டு முறுக்கியதில், தாலி கட்டி முடிந்த கையோடு, சத்தத்தைப் பெருக்குகிற ஆம்ப்ளி புகைந்துவிட்டது. மாலையும் கழுத்துமாக நான்தான் திருப்புளியோடு ஓடினேன். போட்டோ பிடிக்கிறவர் திண்டிவனத்திலிருந்து வந்தவர், அவருக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. “மாப்ள வரட்டும்” என்று யாரோ சொன்னார்களாம். “மாப்ள வந்தா செட்டு யாரு பாக்கறது? நீங்க எடுங்க” என்று மச்சானே போய் மணமேடையில் நின்றுவிட்டார்.

அதிகாரி படத்தை விளக்குக்கு நேராகப் பிடித்தார்.

“இது உங்கள் மனைவி.”

“ஆமாம்.”

“பக்கத்தில் இருப்பவர்?”

“அவள் அண்ணன்.”

“நீங்கள் எங்கே?”

நான் எழுந்து, மேஜைக்கு மேல் எட்டிக் குனிந்து, மூலையில் விரலை வைத்தேன். “இந்தக் குழாய்க்குப் பின்னால், சார். ஒரு முழங்கை தெரிகிறது பாருங்கள்.”

“குழாய் தெரிகிறது” என்றார்.

மூன்று மாசம் ஆயிற்று. சாமியாரின் கடிதம், மச்சானின் கடிதம், என் முதலாளியின் கடிதம் எல்லாம் போய்ச் சேர்ந்து, கடைசியில் அனுமதி வந்தது. இந்த வருஷத்துக்குள் வந்துவிட வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. இனிமேல் பிலோமி சரி என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான் பாக்கி.

அவள் சரி என்று சொல்லவில்லை. இப்படி எழுதினாள்: ‘உங்கள் கடுதாசியில் ஐந்து வருஷமாக எல்லாம் நன்றாகவே இருக்கிறது. பஸ் கழுவியபோதும் நன்றாக இருந்தீர்கள் என்றுதான் எழுதினீர்கள். எனக்கு உத்தியோகம் இருக்கிறது. அதை விட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவதென்றால், நீங்கள் நிஜமாக எப்படி இருக்கிறீர்கள் என்று தெரிய வேண்டும். குரலைக் கேட்டால் எனக்குத் தெரிந்துவிடும். சாமியாரிடம் டேப் மெஷின் இருக்கிறது. பேசி அனுப்புங்கள். கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.’

பார்த்தீர்களா? உலகத்திலேயே எனக்குத் தெரிந்த ஒரே தொழிலில் எனக்குப் பரீட்சை வைத்தாள்.

6

சனிக்கிழமை மத்தியானம் கூடம் காலியாக இருக்கும். டெரிக்கே மைக்கை வைத்துக் கொடுத்தான். “ஊதாதே” என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனான்.

சுவரெல்லாம் மெத்தை தைத்த அறை. செஞ்சியில் ராஜகிரிக் கோட்டை மலை அடிவாரத்தில் நின்று ‘டேய்’ என்றால் மலை திரும்ப ‘டேய்’ என்னும். இங்கே சொன்ன வார்த்தை வாயை விட்டு இறங்கியதும் செத்துவிடும். “பிலோமி” என்றேன். சத்தமே இல்லை. யாரோ பஞ்சை அடைத்த மாதிரி. அந்தப் பெயரை ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக வாய்விட்டுச் சொல்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

அரை மணி நேரம் பேசினேன். தமிழ் எனக்குத் தகராறு செய்தது. பாதியில் இங்கிலீஷ் வந்து நின்றது. இருமினேன். அறை ஈரம், போன குளிர்காலத்திலிருந்தே ஒரு இருமல். சிரித்தேன். எதற்கோ நிறுத்தினேன். நாற்காலி முனகியது. ‘ஞாயித்துக்கிழமை ஆனா’ என்று தொடங்கி, வேண்டாம் என்று விட்டேன். ‘ரோசிக்கு என் மொகம்’ என்று தொடங்கி, மூக்கை உறிஞ்சினேன்.

பிறகு வெட்டும் அறைக்கு எடுத்துப்போய்க் கேட்டேன். சகிக்கவில்லை. விளம்பரக்காரர் யாராவது இப்படிப் பேசியிருந்தால் முதலாளி வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார். பிளேடை எடுத்தேன். இருமல் போயிற்று. மூச்சு போயிற்று. ஈரம், குளிர், ஞாயிற்றுக்கிழமை, மூக்கு உறிஞ்சியது எல்லாம் போயிற்று. மிச்சம் நின்றது பன்னிரண்டு நிமிஷம். ‘பிலோமினா, நான் இங்கே நலமாக இருக்கிறேன். வேலை நிரந்தரமாகிவிட்டது. நமக்கு இரண்டு அறை உள்ள வீடு பார்த்திருக்கிறேன். ரோசிக்கு அருகிலேயே பள்ளிக்கூடம் இருக்கிறது.’ பளிங்கு மாதிரி இருந்தது. சாமியாரின் மெஷின் எந்த வேகத்தில் ஓடும் என்று எனக்குத் தெரியும், அதன் சக்கரத்தைச் சுற்றும் ரப்பர் வாரை மாற்றிப் போட்டதே நான்தான். அதற்கேற்ற வேகத்தில் பிரதி எடுத்து, தபாலில் போட்டேன்.

சொல்லவே வெட்கமாக இருக்கிறது: என் வாழ்க்கையிலேயே நான் செய்த சிறந்த வேலை அதுதான் என்று அன்றைக்கு நினைத்தேன்.

7

லூர்து மச்சான் எழுதிய கடிதம் முதலில் வந்தது. அவர் கடிதம் எழுதினால் எதிரில் நின்று பேசுகிற மாதிரியே இருக்கும்.

சாமியார் வீட்டில் எல்லோரும் கூடியிருக்கிறார்கள். சின்ன மெஷின், சின்னச் சத்தம். பின்னால் இருந்தவர்கள், “இன்னா சொல்றான்? ஒண்ணும் கேக்கலயே” என்றார்களாம். மச்சானுக்கு ரோஷம் வந்துவிட்டது. தன் தங்கை புருஷன், தன் செட்டில் கை பழகினவன், லண்டனிலிருந்து பேசுகிறான், அது பக்கத்து ஆளுக்குக் கேட்கவில்லை என்றால் எப்படி? “நிறுத்து சாமி, அஞ்சு நிமிஷம். நம்ம ஆம்ப்ளி எதுக்கு இருக்குது?” என்று ஓடிப்போய் செட்டைத் தூக்கி வந்து, மெஷினோடு இணைத்து, பள்ளிக்கூடத்துக் கூரைமேல் குழாயைக் கட்டிவிட்டார்.

‘மாப்ள, நீ பேசனது கோட்டைக்குப் போய் திரும்பி வந்துச்சு’ என்று எழுதியிருந்தார். ‘சந்தைக்கு வந்தவன் எல்லாம் நின்னுட்டான். டீக்கடைக்காரன் இன்னா எலக்ஷன் மறுபடியும் வந்துடுச்சான்னு கேக்கறான். ஒரு கெழவர் வந்து இவரு எந்தக் கட்சிங்கறார். சாமியாரு மட்டும் உச்சரிப்பு சுத்தமா இருக்குதுன்னார். ரெண்டு அறை வீடுன்னு நீ சொன்ன பாரு, அந்த எடத்துல பிலோமி எழுந்து போயிட்டா. ஏன்னு தெரியல. சத்தம் கொறைவோன்னு நான் இன்னும் கொஞ்சம் ஏத்தினேன். ரோசி கொழாயக் காட்டி, உள்ள யாருன்னு கேட்டுச்சு. உன் நைனாடீன்னு சொன்னேன். அது என் வேட்டியப் புடிச்சிக்கிட்டு, நைனா இங்கதான இருக்குதுங்குது. சின்னப் புள்ள, மனசுல வெச்சுக்காத. அனந்தபுரத்துல கேட்டுச்சாம்.’

பிலோமியின் கடிதம் அதற்கு இரண்டு நாள் கழித்து வந்தது. ‘டேப் கேட்டேன். அது நீங்கள் இல்லை. யாரோ எழுதிக் கொடுத்ததை யாரோ வாசிக்கிறார்கள். உங்களால் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடியாது என்று எனக்குத் தெரியாதா? இதை நம்பி நான் வேலையை விட முடியாது. அங்கே உங்களுக்கு என்ன ஆயிற்று?’

 மற்றவர்களுக்கு ஒட்டு தெரியாத வேலை. அவளுக்கு ஒட்டு மட்டும்தான் தெரிந்திருக்கிறது.

8

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. டெரிக் டப்பாக்களை அடுக்கிக்கொண்டு வந்து, “இது உன்னுடையது, பல வாரமாகக் கிடக்கிறது. கொட்டிவிடலாமா?” என்றான்.

சட்டப்படி, ஏற்றுக்கொண்ட வேலை என்றால் கொட்டலாம். ஆனால் வேலையை ஏற்றுக்கொள்ளவில்லையே அவள்.

“கொட்டாதே” என்றேன்.

மறுநாள் டப்பாவைத் திறந்து மேஜையில் கவிழ்த்தேன். பழுப்பு நிறத்தில் நூற்றுக்கும் மேல் துண்டுகள். சிலது விரல் நீளம், சிலது பத்து இருபது முழ நீளம். எது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. கைக்கு வந்ததை எடுத்து ஒட்டிக்கொண்டே போனேன். சனிக்கிழமை மத்தியானம் தொடங்கி வீதி விளக்குப் போடுகிறவரை ஒட்டினேன். வரிசையாக வைக்க வேண்டும், நன்றாக இருக்க வேண்டும் என்ற நினைப்பே இல்லை. மொத்தம் பதினெட்டு நிமிஷம்.

ஒரே ஒரு தடவை ஓடவிட்டுக் கேட்டேன். இருமல். மூச்சு. மூச்சு. ‘ஏ பிலோமி.’ நாற்காலி. ‘ரூமு ஈரமா.’ சிரிப்பு, எதற்கென்று தெரியாமல். நீளமாக ஒரு வெறுமை, நான் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்த சத்தம். ‘ஞாயித்துக்கிழமை ஆனா.’ இருமல். ‘யாருகிட்டயும் பே.’ மூக்கு. ‘ரோசிக்கு என் மொகம்.’ மூச்சு. யாரடா இந்த ஆள், இவனுக்கு ஏதாவது உதவி செய்யக் கூடாதா என்று தோன்றியது. பக்கத்தில் டெரிக் நின்றுகொண்டிருந்தான். ஒரு வார்த்தை தமிழ் தெரியாது அவனுக்கு. கேட்டு முடிந்ததும் என்னைப் பார்க்காமல், “நான் போய் டீ போடுகிறேன்” என்றான். நான்கு வருஷத்தில் டீ அவன் போட்டது அன்றைக்குத்தான்.

பிரதி எடுத்து அனுப்பினேன். சாமியாருக்குத் தனியாக ஒரு கடிதம்: பிலோமினா மட்டும் கேட்க வேண்டும், மச்சானுக்குத் தெரியக் கூடாது, குழாய் கூடவே கூடாது.

சாமியார் கார்டு போட்டார். பள்ளிக்கூடம் விட்டதும் அவளை வரச்சொல்லி, மெஷினை எப்படிப் போடுவது என்று காட்டிக்கொடுத்துவிட்டு, அவர் சைக்கிளில் தளவானூருக்குப் பூசைக்குப் போய்விட்டாராம். திரும்பி வரும்போது அவள் இல்லை. டேப் ஓடி முடிந்து, நுனி மட்டும் சக்கரத்தோடு சுற்றிக்கொண்டே இருந்ததாம். கரண்ட் வீணாகிறது என்று அணைத்ததாக எழுதியிருந்தார்.

அந்தக் கார்டு வந்து மூன்று வாரம் ஆயிற்று. இந்த மூன்று வாரமும் நான் இரண்டு அறை வீட்டுக்காரரிடம், இன்னும் ஒரு வாரம், இன்னும் ஒரு வாரம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ரோசிக்கு என்று ஒரு கம்பளிக் குல்லாய் வாங்கினேன். ஆறு வயசுக் குழந்தையின் தலை எவ்வளவு பெரிது என்று கடைக்காரி கேட்டாள். தெரியவில்லை. இரண்டு கையையும் காற்றில் வைத்து ஏதோ ஓர் அளவு காட்டினேன். மைக் செட்டுக்காரன் அளவு, கொஞ்சம் பெரிசாகத்தான் இருக்கும்.

இந்தக் குறிப்புகளை இந்த இடம்வரை எழுதி வைத்திருந்தேன். நேற்றுச் சாயங்காலம் வேலை முடிந்து போனபோது, மாடிப்படியில் நீல ஏர்மெயில் கடுதாசி கிடந்தது. பிலோமியின் கையெழுத்து. வழக்கமாக அவள் அந்தக் காகிதத்தில் ஓர் ஓரத்தையும் விட மாட்டாள், மடிப்புக்குள்ளெல்லாம் நுணுக்கி எழுதுவாள். படியிலேயே உட்கார்ந்து, கிழியாமல் பிரித்தேன். காகிதம் முழுக்க வெறுமையாக இருந்தது. நடுவில் ஒரு வரி.

‘இருமலுக்கு மருந்து குடிச்சுட்டு, கெளம்பி வந்துடுங்க.’